குகை, முழை, அளை: கல் இல்லாத ஊரிலிருந்து ஒரு சொல் விளக்கம்

எங்கள் ஊர் மன்னார்குடிக்குக் கிழக்கே இருக்கிறது. அடிபம்புக்குக் குழாய் இறக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். களிமண் வரும், அப்புறம் மணல், மறுபடியும் களி, மறுபடியும் மணல். எத்தனை குழாய் இறக்கினாலும் பாறை தட்டாது. அம்மி, ஆட்டுக்கல், கோயில் தூண் எல்லாமே வெளியூர்க் கல். தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. முருகனுக்கு மலை வேண்டும் என்று சுவாமிமலையில் 60 படி வைத்துக் கட்டுமலை எழுப்பிய நாடு இது.

அண்ணன் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். ‘சிங்கம் குகையில் வாழும்’ என்று பாடம் வாசித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, “சித்தப்பா, குகைன்னா எப்படி இருக்கும்?” என்றாள். “எலி வளை மாதிரிதான், ஆனா ரொம்பப் பெருசு” என்றேன். அந்த நேரத்துக்கு வாயில் வந்த பதில். பிறகு யோசித்துப் பார்த்தால், குகைக்கான பழைய தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்திலேயே போய் நின்றிருக்கிறேன்.

முதலில் ‘குகை’யைப் பார்த்துவிடலாம். இது வடமொழி ‘குஹா’. மறைத்தல் என்று பொருள்படும் ‘குஹ்’ என்ற வேரிலிருந்து வந்தது; ரகசியத்தைக் குறிக்கும் ‘குஹ்யம்’ இதற்கு உடன்பிறப்பு. ஆகாரத்தில் முடியும் வடசொல் தமிழுக்கு வரும்போது ஐகாரமாக மாறும். சபா சபையானது, சிலா சிலையானது, குஹா குகையானது. நெஞ்சக் குகைக்குள் உறைபவன் என்பதால் முருகனுக்குக் குகன் என்று பெயர். கங்கைக் கரையில் ராமனுக்கு ஓடம் விட்ட குகனின் பெயரும் இதுதான். ஆக, இந்தச் சொல்லின் உள்ளே இருப்பது கல் இல்லை, ஒளிவு.

அதனால்தான் இது மலையை விட்டு இறங்கியும் பிழைத்திருக்கிறது. பொன் உருக்கும் மண் கிண்ணத்துக்கும் குகை என்று பெயர் உண்டு. மூசை என்றும் சொல்வார்கள். மருந்தைக் குகையில் இட்டு ஊதுவது பற்றிச் சித்த மருத்துவச் சுவடிகள் பேசும். சேலத்தில் குகை என்றே ஒரு பேட்டை இருக்கிறது. நம் பக்கத்து வழக்கு இன்னும் சுவையானது. சோழர் காலத்தில் துறவிகள் தங்கிய மடத்துக்குக் குகை என்று பெயர் இருந்தது. திருத்துறைப்பூண்டிக் கோயிலில், மூன்றாம் குலோத்துங்க சோழன் (1178–1218) காலத்துக் கல்வெட்டு ஒன்று ‘குகையிடி கலகம்’ என்று ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறது. துறவிகளின் குகை தாக்கப்பட்டு, அதன் உடைமைகள் பறிபோன கலகம் அது. திருத்துறைப்பூண்டியில் ஏது மலை? வேதாரண்யத்துக்குப் போகும் வழியில் வயலும் உப்பங்காற்றும்தான். மலையில் தனித்து வாழ்ந்த துறவியின் இருப்பிடப் பெயர், துறவிகள் சமவெளிக்கு வந்த பின்னும் அவர்களுடனேயே வந்திருக்கிறது. ஒரு பாறைகூட இல்லாத ஊரில் குகையை இடித்தார்கள் என்ற செய்தியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

சரி, அப்படியானால் தமிழில் என்ன சொன்னார்கள்?

முதலில் நிற்பது ‘முழை’. இதன் இன்னொரு வடிவம் ‘முழைஞ்சு’. தெரியாத சொல் போலத் தோன்றும், ஆனால் மார்கழி மாதம் விடியற்காலையில் மன்னார்குடியிலும் கும்பகோணத்திலும் ஒலிபெருக்கி வழியாக நம் காதில் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ‘மாரி மலை முழைஞ்சில் மன்னிக் கிடந்து உறங்கும் சீரிய சிங்கம்’ என்று ஆண்டாள் பாடுகிறாள். மழைக்காலத்தில் மலைக்குகையில் தூங்கும் சிங்கம் அது. மூன்றாம் வகுப்புப் பாடத்தின் சிங்கமும் இதேதான். இந்தச் சொல்லின் வயது இன்னும் அதிகம். மதுரைப் பக்கம் வரிச்சியூர்க் குன்றில் உள்ள தமிழிக் கல்வெட்டு (தமிழ் பிராமி என்றும் சொல்லும் பழைய எழுத்து), தான் பொறிக்கப்பட்டிருக்கும் குகையை ‘நல் முழஉகை’ என்றே குறிக்கிறது.

அடுத்தது ‘அளை’. மகன் எங்கே என்று கேட்டவளுக்குக் காவற்பெண்டு என்ற சங்கப் புலவர் சொன்ன பதில் புறநானூற்றின் 86ஆம் பாட்டு. அவன் எங்கிருக்கிறானோ தெரியாது. ‘புலி சேர்ந்து போகிய கல் அளை போல’ அவனைப் பெற்ற வயிறு இதோ இருக்கிறது என்கிறாள். புலி தங்கிவிட்டுப் போன கல் அளை. இங்கே ‘கல்’ என்று ஏன் சேர்த்தார்கள் என்பதற்கு ஐங்குறுநூற்றில் விடை இருக்கிறது. 27ஆம் பாட்டில் கள்வன், அதாவது நண்டு, செந்நெல் வயலில் கதிரைக் கவ்விக்கொண்டு ‘தண் அக மண் அளை’க்குள் போகிறது. புலிக்குக் கல்லளை, நண்டுக்கு மண்ணளை. அளவு வேறு, இருக்கும் இடம் வேறு, சொல் ஒன்று.

அந்தப் பாட்டை வயலில் வைத்துத்தான் படிக்க வேண்டும். நடவுக்கு முன்னால் வரப்பு வெட்டி அணைக்கும்போது, அப்பா வரப்பை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். “அந்த வளையை அடைச்சிட்டு வாடா, தண்ணி பூரா பக்கத்து வயலுக்குப் போவுது” என்பார். வளையின் வாயில் நண்டு தள்ளிய சேறு உருண்டை உருண்டையாகக் கிடக்கும். கையை உள்ளே விட்டால் மணிக்கட்டு வரை வெதுவெதுப்பு, முழங்கை போகும்போது சில்லென்று இருக்கும். ‘தண் அகம்’ என்று புலவர் சொன்னது அந்தச் சில்லிப்பைத்தான். அதைப் பாடிய ஓரம்போகியார் கையை விட்டுப் பார்த்திருக்கிறார் என்று நான் நம்புகிறேன். இன்று நாம் அளை என்று சொல்வதில்லை, வளை என்கிறோம். எலி வளையும் அப்படித்தான். அறுப்பு முடிந்ததும் அதை வெட்டி, எலி சேர்த்து வைத்த கதிரை எடுப்பார்கள். நண்டு கதிர் கொண்டுபோன கதையை இங்கே யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது சொல் ‘விடர்’. மலை வெடிப்பு, பிளவு. இதைப் புரிந்துகொள்ளக் குகை எப்படி உண்டாகிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். உலகத்தின் பெரிய குகைகளில் பெரும்பாலானவை சுண்ணாம்புக்கல்லில் உண்டானவை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது கல்லின் கீறல் வழியே இறங்கிப் பல லட்சம் ஆண்டுகளில் கல்லைக் கரைத்துவிடுகிறது. கூரையிலிருந்து சொட்டும் நீர் விட்டுப்போன சுண்ணாம்பு, ஆலம் விழுது மாதிரி தொங்கும். ஆந்திரத்தின் பெலும் குகை 3,229 மீட்டர் நீளம். மேகாலயத்தில் லியாட் ப்ரா 30 கிலோமீட்டருக்கு மேல். அமெரிக்காவின் கென்டக்கியில் மாமத் குகையை 680 கிலோமீட்டருக்கு மேல் அளந்துவிட்டார்கள். தமிழ்நாட்டு மலைகள் பெரும்பாலும் கருங்கல். அது அப்படிக் கரையாது. வெயிலிலும் மழையிலும் வெடிக்கும், ஏடு ஏடாக உரியும், பாறை மேல் பாறை சாயும். அந்த இடுக்கில் நாலு பேர் படுக்கலாம், மழைக்கு ஒதுங்கலாம். அதற்கு விடர் என்பது எவ்வளவு பொருத்தமான பெயர்!

பிரான்சின் ஷோவே குகையில் 30,000 ஆண்டுகளுக்கும் முந்தைய சிங்கங்களும் காண்டாமிருகங்களும் வரையப்பட்டிருப்பதை 1994இல் கண்டுபிடித்தார்கள். நம் பக்கத்து முழைகளில் மனிதன் விட்டுப்போனது படுக்கை. புதுக்கோட்டை சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டம் என்ற இயற்கை முழையில் 17 கற்படுக்கைகள் வழவழவென்று இருக்கின்றன. அங்குள்ள தமிழிக் கல்வெட்டு அவ்விடத்தை ‘அதிட்டானம்’, அதாவது இருக்கை, என்கிறது. காவிரியின் தென்கரையில், கரூர்ப் பக்கம் புகழூர் ஆறுநாட்டார் மலையில், யாற்றூர்ச் செங்காயபன் என்ற சமணத் துறவிக்காக வெட்டிக் கொடுத்ததைக் கல்வெட்டு ‘அறுத்த கல்’ என்று சொல்கிறது. துறவி படுத்த இடம் பள்ளி. அவர் அங்கே பாடமும் சொன்னதால் பள்ளி என்பது படிக்கிற இடமாயிற்று. மூன்றாம் வகுப்புக்காரி தினமும் போய்வரும் பள்ளிக்கூடம் என்ற சொல்லும் குகைக்குள்ளிருந்து வந்ததுதான்.

மனிதன் குடைந்தது வேறு கணக்கு. அதற்குக் ‘குடைவரை’ என்ற அருமையான சொல் இருக்கிறது. வரை என்றால் மலை. ‘குகைக் கோயில்’ என்று எழுதுவதை விட்டுவிட்டுக் குடைவரை என்றே எழுதலாம். தானாக உண்டானதற்கு முழை, வெடிப்பாக இருந்தால் விடர். சுரங்கம் தரைக்கடியில் தோண்டிய வழி. சிலப்பதிகாரத்தில் ‘சுருங்கை வீதி’ வருகிறது. அதையும் குகையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. ‘குகை’ என்ற சொல்லைத் துரத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. திருத்துறைப்பூண்டிக் கல்வெட்டை முழை என்று திருத்தி எழுதினால் வரலாறே போய்விடும். ஆனால் பாடப்புத்தகத்தில் குகைக்குப் பக்கத்தில் ‘முழை’யையும் ஒரு தடவையாவது அச்சிட வேண்டும்.

கோடை விடுமுறையில் அவளைத் திருச்சி மலைக்கோட்டைக்குக் கூட்டிப்போகிறேன். மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் குடைந்த மேல் குடைவரை அங்கே இருக்கிறது. அதன் வடமொழிக் கல்வெட்டில் சிவபெருமான் மன்னனிடம், “தரையில் இருக்கும் கோயிலில் நின்றுகொண்டு சோழ நாட்டின் வளத்தை எப்படிப் பார்ப்பேன்?” என்று கேட்கிறார். அதற்காகவே மன்னன் மேகம் தொடும் இந்த மலையைக் கொடுத்தானாம். காவிரியைப் பார்த்து அவர் மயங்கிவிடுவாரோ என்று பயந்து பார்வதியும் பிறந்த வீட்டை விட்டு இங்கேயே வந்து தங்கிவிட்டாளாம். உச்சி வரை ஏறினால் காவிரியும் ஸ்ரீரங்கமும் தெரியும். கிழக்கே கை காட்டி, நம்ம ஊர் அந்தப் பக்கம்தான், நண்டு வளை அங்கேதான் இருக்கு என்று சொல்வேன்.