துப்பத் தெரியாத குழந்தைக்கு ஃபுளோரைடு பேஸ்ட்டா?

“முழுங்கிடுமே!” என்பதுதான் பெற்றோரின் முதல் பயம். நியாயமான பயம்தான். ஆனால் பதில் பேஸ்ட்டில் இல்லை, அதன் அளவில் இருக்கிறது.

பல்லின் எனாமல், அதாவது அதன் கடினமான மேலுறை, கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகம். வாயில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. பிஹெச் (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, தாதுக்களை மறுபடி பல்லில் படியவைக்கும். இந்தக் கரைதலும் படிதலும் நாள் முழுக்க மாறிமாறி நடக்கின்றன. கரைவது மிஞ்சினால் சொத்தை. பேஸ்ட்டில் சேர்க்கப்படும் தாதுவான ஃபுளோரைடு இந்தப் படிதலை வேகப்படுத்துவதோடு, படிகத்துக்குள் தானும் புகுந்துகொள்கிறது. அப்படி உருவாகும் படிகம் பிஹெச் ஏறக்குறைய 4.5 வரை தாக்குப்பிடிக்கும். பால் பல்லின் எனாமல் மெல்லியது என்பதால் இந்தக் காப்பு அதற்கு இன்னும் அவசியம். விழப்போகிற பல்தானே என்பவர்கள், பல்வலியில் இரவெல்லாம் அழும் குழந்தையைப் பார்த்ததில்லை போலும்.

சரி, முழுங்கினால்? 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) பேஸ்ட்டில் கிராமுக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு. முதல் பல் முளைத்ததிலிருந்து மூன்று வயது வரை பிரஷ்ஷில் தடவ வேண்டியது ஓர் அரிசி அளவு, சுமார் 0.1 கிராம். அத்தனையும் வயிற்றுக்குள் போனாலும் 0.1 மில்லிகிராம்தான். உடனடி ஆபத்துக்கான எல்லையாக வைத்திருப்பது உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம். பத்துக் கிலோ குழந்தைக்கு அது 50 மில்லிகிராம், அதாவது 100 கிராம் டியூபில் பாதி. அதனால் டியூப் மட்டும் குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது.

உண்மையில் யோசிக்க வேண்டியது ஃபுளோரோசிஸ். ஈறுக்குள் நிரந்தர முன்பற்களின் எனாமல் உருவாகும் வயது இது. தினமும் அதிக ஃபுளோரைடு உள்ளே போனால், பின்னாளில் முளைக்கும் அந்தப் பற்களில் வெள்ளைத் திட்டுகள் தெரியலாம். விளம்பரங்களில் பிரஷ் நீளத்துக்கும் பேஸ்ட்டைப் பிதுக்குவார்களே, அது குழந்தைக்கான அளவே இல்லை. மூன்றிலிருந்து ஆறு வயது வரைகூட பட்டாணி அளவு போதும். குடிநீரில் ஏற்கெனவே ஃபுளோரைடு அதிகம் என்றால் பல் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

தேய்த்து முடித்ததும் நுரையைத் துணியால் துடைத்துவிடுங்கள். தண்ணீர் விட்டு அலச வேண்டாம், பல்லில் ஒட்டியிருக்கும் ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும். தூங்கும்போது உமிழ்நீர் குறைவதால், ராத்திரி தேய்ப்பதைத் தவறவிடாதீர்கள். தேய்த்த பிறகு பால் புட்டி கூடாது.