ஹாமக்கைக் கட்டில் மாதிரி இழுத்துக் கட்டாதீர்கள்

தொடர் விடுமுறை முடிந்து கிளினிக் திறக்கும் நாள் என்றாலே எனக்குக் கொஞ்சம் பயம். ஏற்காடு, ஜவ்வாதுமலை என்று கேம்பிங் போய்வந்தவர்களில் யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார்கள். இந்த முறை வந்தவர் கடலூர்க்காரர், நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர், இடுப்பு டிஸ்க் பிரச்சினைக்காக ஏற்கெனவே என்னிடம் பயிற்சி எடுத்தவர். "முதுகுக்கு நல்லதுன்னு வீடியோல சொன்னாங்க மேடம், அதான் ஹாமக் வாங்கினேன். தொய்யக் கூடாதுன்னு நல்லா இழுத்துதான் கட்டினேன்" என்றார். ஹாமக் என்றால் இரண்டு மரத்துக்கு நடுவே கட்டித் தொங்கவிட்டுப் படுக்கிற தொங்கு படுக்கை. அந்த "நல்லா இழுத்துதான்" என்ற இடத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது. இதே வசனத்தை எத்தனை பேர் வாயால் கேட்பது?

தொய்ந்தால் முதுகு வளையும், இழுத்துக் கட்டினால் கட்டில் மாதிரி சமமாக இருக்கும் என்பது எல்லோருடைய நினைப்பு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு முனையிலும் துணியைச் சுருக்கிக் கட்டிய ஹாமக்கில் (நம் பக்கம் கிடைப்பதில் பெரும்பாலும் இதுதான்) நடப்பது வேறு. என்ன இழுத்தாலும் எடை விழுகிற நடுப்பகுதி இறங்கத்தான் செய்யும். இழுத்ததால் கிடைக்கிற ஒரே பலன், இரண்டு ஓரத் துணியும் விறைத்துக்கொண்டு தோளை இரு பக்கமும் அமுக்குவது. குறுக்கே நகர இடமிருக்காது. நடுக்கோட்டில் நீளவாக்கில்தான் கிடக்க முடியும், உடம்பு வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும். மல்லாந்து படுப்பவர் இதைக்கூட ஓரளவு தாங்கிவிடுவார். ஒருக்களித்துப் படுப்பவருக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிறது. கீழே இருக்கிற தோள் மார்புப் பக்கம் மடங்குகிறது, இடுப்பு கீழே போகிறது, தலையும் பாதமும் மேலே நிற்கின்றன. இப்படியே ஆறு மணி நேரம் கிடந்தால் காலையில் எப்படி நிமிர்வது?

தளர்வாகக் கட்டுங்கள். தலை ஓர் ஓரம், கால் எதிர் ஓரம் என்று குறுக்கே படுங்கள். அப்போதுதான் துணி விரிந்து முதுகு ஏறக்குறைய சமமாகக் கிடக்கும். இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒரு தடவை படுக்கவைத்துக் காட்டினால்தான் வாயை மூடுகிறார்கள்.

எவ்வளவு தளர்வு? ஹாமக்கை மரத்தோடு கட்டுகிற நாடாப் பட்டை, கிடைமட்டத்திலிருந்து சுமார் 30 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். கோணம் அளக்கக் கருவி தேவையில்லை. கையைத் துப்பாக்கி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்: ஆள்காட்டி விரல் தரைக்கு இணையாக, கட்டை விரல் நேர் மேலே. ஆள்காட்டி விரல் நுனிக்கும் கட்டை விரல் நுனிக்கும் ஒரு கோடு போட்டால் அதன் சாய்வு கிட்டத்தட்ட அந்த 30 டிகிரிதான். பட்டை அந்தக் கோட்டோடு ஒத்துப்போனால் சரி. இன்னும் சுலபமான வழி, ஹாமக்கின் இரண்டு முனைகளையும் மேலே இணைக்கிற ஒரு மெல்லிய, நீளாத கயிறு. அதன் நீளம் ஹாமக் நீளத்தில் 83 சதவீதம் அளவுக்கு இருந்தால் போதும். 11 அடி ஹாமக்குக்கு 9 அடி. மரங்களின் இடைவெளி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் தொய்வு மாறாது.

இழுத்துக் கட்டுவதில் முதுகுவலியைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் இருக்கிறது. 70 கிலோ ஆள் 30 டிகிரியில் படுத்தால் ஒவ்வொரு பக்கப் பட்டையிலும் 70 கிலோ இழுவை விழும். 10 டிகிரிக்கு இழுத்துவிட்டால் அதுவே 200 கிலோவாகிவிடும். இந்த லட்சணத்தில் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலும் செங்கல் தூணிலும் கட்டுகிறார்கள். அவை மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கக் கட்டியவை, பக்கவாட்டு இழுப்பைத் தாங்க அல்ல. தூண் சரிந்தால் படுத்திருப்பவர் மேலேயேதான் விழும். தயவுசெய்து வேண்டாம்.

சரி, எதை வாங்குவது? கடையில் எல்லோரும் முதலில் பார்ப்பது "200 கிலோ தாங்கும்" என்ற எழுத்தை. அறுந்து விழாது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. "டபுள்" என்று போட்டிருந்தால் அகலம் அதிகம், அவ்வளவுதான். நீளம் ஒன்பது அடியிலேயே நின்றிருக்கும். குறுக்கே படுக்க நீளம்தான் முக்கியம். ஐந்தரை அடி ஆளுக்கு 10 அடி, ஆறடியை நெருங்குகிறவருக்கு 11 அடி. அகலம் 5 அடிக்குக் குறையவே கூடாது. நீளம் போதாவிட்டால் கெண்டைக்கால் அடியில் துணி ஒரு மேடு கட்டிக்கொண்டு அழுத்தும், முழங்கால் பின்னுக்கு விறைக்கும்.

கயிற்று வலை ஹாமக் பார்க்க அழகு. ஆனால் ஒருக்களித்துப் படுத்தால் முடிச்சுகள் இடுப்பெலும்பின் வெளிப்புற மேட்டில் சரியாகக் குத்தும். இரு முனையிலும் கட்டை வைத்து விரித்த தோட்டத்து வகை, ரிசார்ட்டில் போட்டோ எடுக்க நல்லது. தூக்கத்தில் புரண்டால் கவிழ்த்துவிடும். ஒருக்களித்து மட்டுமே தூக்கம் வரும் என்பவர்களுக்கு உண்மையில் ஏற்றது பிரிட்ஜ் ஹாமக். அதிலும் கட்டை உண்டு, ஆனால் துணி கட்டைக்குக் கீழே தாழ்ந்து தொங்குவதால் சட்டென்று கவிழாது, நேராகவே சமமாகப் படுக்கலாம். தலைப்பக்கக் கட்டை அகலமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இல்லையென்றால் தோள் நெருங்கும். விலை அதிகம், தூக்கிச் செல்லக் கனம். அந்தச் செலவு வேண்டாம் என்றால் நீளமான சாதாரண ஹாமக்கில் குறுக்கே படுத்து, முழங்காலை மடக்கி, இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒரு போர்வையை மடித்து வையுங்கள். தலையணை சின்னதாக இருக்கட்டும். ஹாமக்கே தலையைத் தூக்கித்தான் வைத்திருக்கிறது. வீட்டுத் தலையணையையும் திணித்தால் அடுத்த வாரம் கழுத்துவலிக்கு வருவீர்கள்.

"கைக்குழந்தை தூளியில் நிம்மதியாத்தானே தூங்குது" என்று ஒரு பாட்டி மடக்கினார். கைக்குழந்தையின் முதுகெலும்பு மொத்தமாக ஒரே வளைவு. இடுப்பில் இருக்கிற உள்வளைவு உட்கார்ந்து, நின்று, நடந்த பிறகு வருவது. உங்கள் பேரனையும் உங்களையும் ஒன்றாக வைக்காதீர்கள் அம்மா.

எல்லா முதுகுவலியும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். தண்டுவடக் குழாய் குறுகியவர்களுக்கு முன்பக்கம் வளைந்தால்தான் சுகம். அவர்கள் ஹாமக்கைப் புகழ்வார்கள். குனிந்தாலே காலுக்கு வலி இறங்குகிற டிஸ்க் நோயாளிக்கு அதே வளைவு நரகம். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சரியானது என்பதால் வாங்காதீர்கள். எம்ஆர்ஐ படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி "இதுக்கு ஹாமக் ஓகேவா" என்றும் கேட்காதீர்கள். டிஸ்க் வீக்கம் வலியே இல்லாத பலருக்கும் படத்தில் தெரியும். எந்தப் பக்கம் வளைந்தால் வலி கூடுகிறது என்று சொல்லுங்கள், அதை வைத்துப் பதில் சொல்ல முடியும்.

முதல் ராத்திரியே மலையில் வேண்டாம். பகலில் அரை மணி நேரம் ஊரிலேயே படுத்துப் பாருங்கள். உட்காரும்போது ஹாமக் நாற்காலி உயரத்தில், அதாவது ஒன்றரை அடியில் நிற்க வேண்டும். இறங்கும்போது முறுக்கித் திரும்பாதீர்கள். குறுக்கே உட்கார்ந்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, அப்புறம் எழுங்கள். நைலான் கயிறு வேண்டாம், ஈரத்தில் இன்னும் நீளும், நடுராத்திரி தரையில் இருப்பீர்கள். ஓர் அங்குல அகலமாவது உள்ள பாலியஸ்டர் பட்டை வாங்குங்கள். நம் கடற்கரைக் காற்றில் இரும்புக் கொக்கி துருப்பிடிக்கும், ஒவ்வொரு முறையும் பாருங்கள். தென்னையில் கட்டினால் மட்டையும் காயும் எப்போது விழும் என்று சொல்ல முடியாது. தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் பக்கம் சவுக்குத் தோப்பில் கட்டுவதானால் தோப்புக்காரரிடம் கேளுங்கள். கைக்குள் அடங்குகிற இளங்கன்றும், புயலில் வேர் ஆட்டம் கண்டு சாய்ந்து நிற்கிற மரமும் வேண்டாம். 2024 ஃபெஞ்சல் புயலைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக, ஹாமக்குக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று. முதுகுவலியோடு தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ அன்றைக்கே ஜிப்மர் மாதிரியான பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். என்னிடம் அப்பாயின்ட்மென்ட் கேட்டுக் காத்திருக்காதீர்கள்.