வீடியோவில் வராத பிழைகள்

"தம்பி, 'மதுரை' என்ற சொல்லில் எத்தனை எழுத்து?"

"மூன்று சார்."

"அதையே பைத்தானில் எண்ணிக் காட்டுங்கள்."

எதிரே உட்கார்ந்திருந்தவர் வேலைக்கான நேர்காணலுக்கு வந்திருந்த மேலூர்ப் பக்கத்துப் பட்டதாரி. கையில் இருந்த கோப்பில் இணையவழிப் படிப்புகளின் சான்றிதழ்கள் மட்டும் 11. பைத்தான் என்ற நிரல் மொழியில் விறுவிறுவென்று ஒரு வரி தட்டினார். திரையில் 5 என்று வந்தது. அழித்துவிட்டு மறுபடி தட்டினார். மறுபடியும் 5. "லேப்டாப்பில் ஏதோ கோளாறு போலிருக்கிறது சார்" என்றார்.

கோளாறு ஒன்றும் இல்லை. கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் 'து' என்பது ஒரே எழுத்தாகச் சேமிக்கப்படுவதில்லை. 'த' தனி, அதனோடு ஒட்டும் உகரக் குறி தனி. 'ரை'யும் அப்படியே. ஆகவே ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என்று ஐந்து. இது தெரியாமல் இருப்பது குற்றமில்லை. வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கே தெரியவந்தது. என்னை உறுத்தியது வேறு. அந்தச் சொல்லைத் துண்டு துண்டாகத் திரையில் காட்டச் சொல்லிப் பார்ப்போம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. "நான் பார்த்த வீடியோக்களில் எல்லாம் ஆங்கிலப் பெயர்தான் சார் கொடுத்தார்கள்" என்றார், தப்பு செய்து பிடிபட்டவரைப் போல.

மதுரையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்துக்கு ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பதால் இந்தக் காட்சியை அடிக்கடி பார்க்கிறேன். இணையப் பாடங்களை நான் குறை சொல்லவில்லை. நானே பாதிக்கு மேல் அப்படிக் கற்றவன்தான். ஆனால் வீடியோ எடுப்பவர் கேமராவை ஓடவிடுவதற்கு முன் பல மணி நேரம் தடுமாறியிருப்பார். அதையெல்லாம் வெட்டிவிட்டு, வழுக்கிக்கொண்டு ஓடும் 20 நிமிடத்தை நமக்குத் தருகிறார். அவர் வெட்டிப் போட்ட பகுதிதான் எங்களுடைய அன்றாட வேலை.

ஒரு வாடிக்கையாளருக்காக முகவரிப் பட்டியலில் தேடும் வசதி செய்து கொடுத்திருந்தோம். 'கோச்சடை' என்று தேடினால் அந்தப் பகுதிக்காரர்களில் பாதிப் பேர்தான் வந்தார்கள். மீதிப் பேரின் முகவரியிலும் அதே கோச்சடைதான் இருந்தது. எழுத்துப்பிழை கிடையாது, இடைவெளி கிடையாது. ஒரு நாள் முழுக்க மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது: 'கோ'வின் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வசதி பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. திருத்தம் ஒற்றை வரிதான். அந்த வரியை எந்தப் பாடத்திலும் நான் பார்த்ததில்லை; பார்த்திருந்தாலும் அன்றைக்கு நினைவுக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

பயிற்சிக்கு வருபவர்களிடம் நான் கெஞ்சாத குறையாகச் சொல்வது, பத்து நிமிடம் பாருங்கள், வீடியோவை மூடுங்கள், பார்த்ததை நினைவிலிருந்து தட்டுங்கள் என்பதுதான். நிச்சயம் பிழை வரும். சிவப்பு எழுத்துகளைக் கண்டதும் அப்படியே அள்ளிக்கொண்டு போய்ச் சாட்பாட்டில் ஒட்டாதீர்கள். பைத்தானில் என்ன பிழை என்பது பெரும்பாலும் கடைசி வரியில் இருக்கும். எந்த வரியில் என்பது அதற்குச் சற்று மேலே இருக்கும். கீழிருந்து மேலே படித்துப் பழகுங்கள்.

வீடியோ எந்த ஆண்டில் எடுத்தது என்றும் பாருங்கள். பிரிண்ட் என்று எழுதி அடைப்புக்குறி போடாமல் விட்டிருந்தால் அது பழைய பதிப்பான பைத்தான் 2. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. ஆனால் அந்த வீடியோக்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. காசு கட்ட வழியில்லாதவர்களுக்கு ஐஐடி மும்பையின் ஸ்போக்கன் டுடோரியல் இலவசம், தமிழ்க் குரலிலும் பல பாடங்கள் உண்டு. வேலைக்கு நூறு சதவீத உத்தரவாதம் என்று பேசும் விளம்பரங்களைப் பற்றி என் கருத்தை இங்கே எழுதினால் எழுத்து நாகரிகம் கெட்டுவிடும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். பாடம் நடத்துபவர் அவசரத்துக்கு, கடவுச்சொல் போன்ற ரகசியச் சாவியை நிரலுக்குள்ளேயே எழுதிக் காட்டுவார். அதைப் பார்த்துச் செய்த ஒருவர், நிரலை அப்படியே, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி ஏற்றிவிட்டார். பதறிப்போய் மறுநாள் அந்த வரியை அழித்தும்விட்டார். ஆனால் அந்தத் தளத்துக்கு அடிப்படையான கிட் என்பதே பழையதைப் பத்திரப்படுத்தும் கருவி. 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுதியது, தான் உருவாக்கிய லினக்ஸ் இயங்குதளத்தின் நிரலில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற வரலாற்றைக் காப்பதற்காகத்தான். நேற்றைய பதிப்பைத் திறந்தால் சாவி அங்கேயே இருக்கும். அழித்தால் போதாது, அந்தச் சாவியையே ரத்து செய்துவிட்டுப் புதியது வாங்க வேண்டும்.

மேலூர்த் தம்பியை அன்று எடுக்கவில்லை. தமிழ் எழுத்துகளைச் சரியாக எண்ணும் புரோகிராம் ஒன்றை எழுதிப் பார்க்கும்படி சொல்லி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து, இரவு பதினொரு மணிக்கு ஒரு செய்தி வந்தது.

"சார், குறிகளையும் புள்ளியையும் எண்ணாமல் விட்டுவிட்டேன். மதுரைக்கு 3 சரியாக வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு 9 காட்டுகிறது, விரல்விட்டு எண்ணினால் எட்டுதான் வருகிறது. 'ஸ்ரீ'யை ஒன்றாக எண்ணுவதா, இரண்டாக எண்ணுவதா?"

எனக்கும் சட்டென்று பதில் தெரியவில்லை. திங்கட்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறேன்.