தீயணைப்பு நிலையம் கேட்கும்போது ஆட்களையும் சேர்த்துக் கேளுங்கள்

"எங்கள் பகுதிக்கு ஒரு தீயணைப்பு நிலையம் வேண்டும்" என்று மனுவோடு வருபவர்களை நிறையப் பார்க்கிறேன். நிலையங்களுக்கு இடம் பார்ப்பதும் செலவுத் திட்டம் போடுவதும்தான் என் வேலை. அந்த மனுக்களில் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும் ஒரு பொது நிலத்தின் விவரம் இருக்கும், கட்டடம் கட்ட எவ்வளவு ஆகும் என்ற மதிப்பீடு இருக்கும். நள்ளிரவில் அந்தக் கட்டடத்துக்குள் யார் இருப்பார்கள், அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பது மட்டும் இருக்காது. முழுநேர ஊழியர்களை வைத்து நடத்தும் நிலையத்தின் ஆயுட்காலச் செலவில் பெரும்பங்கு அந்தச் சம்பளம்தான்.

ஒரு சின்னக் கணக்கு. வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரம் 48 மணி நேரம் வேலை செய்தால், வண்டியில் ஒரே ஒரு இருக்கையை இரவும் பகலும் நிரப்ப மூன்றரைப் பேர் வேண்டும். விடுப்பு, பயிற்சி, உடம்பு சரியில்லாத நாட்கள் எல்லாம் சேர்த்தால் நான்கைத் தாண்டிவிடும். அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் (என்.எஃப்.பி.ஏ.) வகுத்த 1710 என்ற தர விதி, ஒரு வண்டியில் குறைந்தது 4 பேர் வேண்டும் என்கிறது. புகைக்குள் இருவர் போனால், அவர்களுக்கு ஏதாவது ஆனால் இழுத்து வர வெளியே இருவர் தயாராக நிற்க வேண்டும் இல்லையா? ஆக, ஒரே ஒரு வண்டிக்கு 16, 17 பேர். பக்கத்து நிலையத்திலிருந்து நாலு பேரை அனுப்பிச் சமாளித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கை அவர் முன்னால் வையுங்கள்.

ஆள் போதாத நிலையத்தில் என்ன நடக்கும்? ஒரு ஷிப்ட் ஓடும், அடுத்த ஷிப்டில் பூட்டிக் கிடக்கும். நிலையமே இல்லாமல் இருப்பதைவிட இது மோசம் என்பது என் கருத்து. பக்கத்திலேயே இருக்கிறது என்று மக்கள் நம்பியிருப்பார்கள். அடுத்த நிலையத்தின் எல்லையும் அதற்கேற்பச் சுருக்கப்பட்டிருக்கும்.

அதனால் பணத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். நிலம், கட்டடம், வண்டி போன்றவற்றுக்குக் கடன் வாங்கலாம், பத்திரம் வெளியிடலாம், புதுக் குடியிருப்புகளை உருவாக்குபவர்களிடம் கட்டணம் வசூலிக்கலாம். முப்பது நாற்பது ஆண்டு உழைக்கப்போகும் கட்டடத்தின் கடனை, அதைப் பயன்படுத்தப்போகிறவர்களும் சேர்ந்து அடைப்பது நியாயம்தான். ஆனால் சம்பளம், எரிபொருள், பராமரிப்பு ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் தவறாமல் வரும் வருமானம் வேண்டும். சொத்து வரியோ, தனித் தீயணைப்பு வரியோ, பொது நிதியோ, எதுவானாலும் சரி. மூன்றாண்டு மானியத்தை நம்பி ஆள் எடுத்தால், நான்காம் ஆண்டு பட்ஜெட்டில் அந்த நிலையம்தான் முதலில் வெட்டுப்படும்.

வண்டிக்கும் ஆயுள் உண்டு. சுமார் 15 ஆண்டு முன்னணியில் ஓட்டிவிட்டு அப்புறம் இருப்பு வண்டியாக வைப்பது பரவலான வழக்கம். வாங்கிய ஆண்டிலிருந்தே அதன் விலையில் பதினைந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வந்தால், விலையேற்றத்துக்குக் கொஞ்சம் சேர்த்தால் போதும், புது வண்டிக்கு யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை.

சரி, இடம். அதே 1710 விதி, வண்டி நிலையத்தை விட்டுக் கிளம்பிய 4 நிமிடத்துக்குள் முதல் வண்டி போய்ச் சேர வேண்டும், நூறு அழைப்பில் தொண்ணூறிலாவது இது நடக்க வேண்டும் என்கிறது. உடை மாட்டிக் கிளம்ப இன்னொரு 80 விநாடி. இந்த அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. இன்றைய வீடுகளில் ஃபோம் மெத்தையும் பிளாஸ்டிக்கும்தான் அதிகம். பாதுகாப்புச் சோதனைகள் நடத்தும் அமெரிக்காவின் யு.எல். நிறுவனம் செய்த எரிப்புச் சோதனைகளில், இப்படிப்பட்ட அறை 5 நிமிடத்துக்குள் முழுதாகப் பற்றிக்கொண்டது. மரமும் பருத்தியுமாக இருந்த பழைய பாணி அறைக்கு ஏறக்குறைய அரை மணி நேரம் ஆனது.

4 நிமிடத்தில் எவ்வளவு தூரம் போகலாம்? மணிக்கு 40 கி.மீ. சராசரி வேகம் கிடைத்தால் சுமார் 2.7 கி.மீ. நெரிசலில் வேகம் பாதியானால் 1.3 கி.மீ. தூரம் பாதியானால் ஒரு நிலையம் காக்கும் பரப்பு கால்வாசி ஆகிவிடும். வரைபடத்தில் காம்பஸ் வைத்து வட்டம் போட்டு இடம் முடிவு செய்வதை நான் ஏற்பதே இல்லை. தண்ணீர் நிரப்பிய வண்டியை அந்த இடத்திலிருந்து காலை நெரிசலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். தொட்டியில் 4,500 லிட்டர் இருந்தால் தண்ணீரே நாலரை டன். காரில் சட்டென்று திரும்பும் முனையில் வண்டி நின்று, பின்வாங்கி, மறுபடி வளைந்து போகும். ரயில்வே கேட், ஒருவழிப் பாதை, மழைக்குத் தேங்கும் பள்ளம், எல்லாம் அப்போதுதான் தெரியவரும். இலவசமாகக் கிடைக்கும் நிலம் கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தால் அது இலவசமே இல்லை.

புது நிலையம்தான் வேண்டுமா என்பதையும் பார்க்க வேண்டும். 1970களில் நியூயார்க் நகருக்காக ரேண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தினர் கண்ட கணக்குப்படி, வண்டி ஓடும் சராசரி தூரம் நிலையங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்துத்தான் குறையும். ஒன்று இருக்கும் பகுதியில் இரண்டாவது வந்தால் தூரம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறையும். ஏற்கெனவே பத்து இருக்கும் நகரத்தில் பதினொன்றாவது வந்தால் சராசரியில் 5 சதவீதம்கூடக் குறையாது. அங்கே பிரச்சினை ஒரே நேரத்தில் வரும் பல அழைப்புகள் என்றால், இருக்கும் நிலையத்தில் இரண்டாவது வண்டியும் ஆட்களுமே போதும்.

கட்டடத்தில் பணம் பற்றாக்குறை வந்தால் முதலில் வெட்டப்படுவது, வண்டியின் புகைக்குழாயில் மாட்டி டீசல் புகையை வெளியேற்றும் அமைப்பும், அழுக்கு உடைகளுக்கான தனி அறையும். இதற்கு நான் ஒருபோதும் சம்மதிப்பதில்லை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் உறுதி செய்தது. 2022இல் தீயணைப்புத் தொழிலையே அந்தப் பட்டியலில் சேர்த்தது. கரி படிந்த தீயணைப்பு உடையைப் படுக்கையறைக்கு வெளியே ஆணியில் மாட்டும் நிலையத்தில் வீரர்கள் தூக்கத்திலும் அதைச் சுவாசிக்கிறார்கள். முகப்பு அலங்காரத்தைக் குறையுங்கள், இதைத் தொடாதீர்கள்.

இப்போது பணமே இல்லை என்றாலும் செய்யக்கூடிய ஒன்று உண்டு. புதிதாக மனை பிரிக்கும்போதே, இரண்டு பெரிய சாலைகள் சந்திக்கும் இடத்துக்கு அருகில் நிலையத்துக்கென்று நிலம் ஒதுக்கச் சொல்லி எழுத்தில் வாங்கிவிடுங்கள். வண்டி கட்டடத்தின் பின்வாசலில் நுழைந்து முன்வாசலில் வெளியேறும் அளவுக்கு மனைக்கு ஆழம் இருக்கட்டும். கட்டடம் பத்து ஆண்டு கழித்துக்கூட வரலாம். வீடுகள் வந்த பிறகு அப்படி ஒரு மூலை கிடைக்காது.