சந்தகை: வெந்த பிறகு இழையாகும் அரிசி

இடியாப்ப மாவைப் பிழிந்துவிட்டுத்தான் வேகவைக்கிறோம். கோதுமை நூடுல்ஸுக்கும் அதே வரிசைதான்: முதலில் வடிவம், பிறகு வேக்காடு. கொங்கு நாட்டுச் சந்தகையோ இதைத் தலைகீழாகச் செய்கிறது. அரைத்த மாவை இட்லித் தட்டில் ஊற்றி முழுக்க வேகவைத்து, கை பொறுக்காத சூட்டில் எடுத்து, அச்சில் போட்டுப் பிழிகிறார்கள். இட்லி ஆறிவிட்டால் அன்றைய சந்தகை கெட்டது. நோம்பி (பண்டிகை) நாளிலும் மாப்பிள்ளை விருந்திலும் அச்சைச் சுற்றி நடக்கும் அந்தப் பரபரப்புக்கு மாவுச்சத்தின் இயல்பே காரணம்.

கோதுமை மாவை இழுத்தால் நீள்வதற்குக் காரணம் அதிலுள்ள குளூட்டன் என்னும் புரதம். பிசையப் பிசைய அது வலைபோல் பின்னிக்கொள்கிறது. அரிசியில் குளூட்டன் கிடையாது. ஆகவே அரிசி இழையைத் தாங்கிப் பிடிக்கும் பொறுப்பு முழுவதும் மாவுச்சத்தின் தலையில் விழுகிறது. மாவுச்சத்தில் இரண்டு வகை மூலக்கூறுகள் உண்டு. அமைலோஸ் என்பது கிளையில்லாத நீண்ட சங்கிலி. அமைலோபெக்டின் கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) வெள்வேல மரம்போலக் கிளைக்குமேல் கிளைவிட்டது. இழைக்கு உறுதி தருவது முதலாவது. மென்மையும் பசையும் தருவது இரண்டாவது. நம் இட்லி அரிசி ரகங்களில் மாவுச்சத்தின் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அமைலோஸ். அசாமின் போரா அரிசி போன்ற ஒட்டும் ரகங்களில் அது மிகக் குறைவு. அந்த அரிசியில் சந்தகை பிழிந்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகிவிடும்.

ஆடுதுறை 37, ஏ.எஸ்.டி. 16 போன்ற குண்டு ரகங்களைப் புழுங்கலாக வாங்குவதிலும் பொருள் இருக்கிறது. புழுங்கலரிசி ஏற்கெனவே ஒருமுறை வெந்த அரிசி. நெல்லை உமியோடு ஊறவைத்து ஆவியில் அவித்துக் காயவைக்கும்போதே மாவுச்சத்து ஒருமுறை குழைந்து, மீண்டும் இறுகிவிடுகிறது. அதனால் அடுத்தமுறை வேகும்போது அதிலிருந்து கசியும் பசை குறைவு. பச்சரிசியை மட்டும் அரைத்துப் பிழிந்தால் உதிரி உதிரியாக வராமல் பிசுபிசுப்பதற்குக் காரணம் இதுதான்.

அரிசி மூன்று நான்கு மணி நேரம் ஊற வேண்டும். நைசாக அரைபட வேண்டும். மாவில் ஒரு குருணை இருந்தாலும் அது அச்சின் துளையை அடைக்கும், அல்லது இழையின் நடுவில் உட்கார்ந்து அந்த இடத்தில் அறுக்கும். உளுந்து சேர்ப்பதில்லை, புளிக்க விடுவதுமில்லை. இட்லிக்கு உயிர் கொடுக்கும் காற்றுக் குமிழிகள் சந்தகைக்குப் பகை. ஒவ்வொரு குமிழியும் இழையில் ஒரு பலவீனமான இடம்.

இனி ஆவி. அரிசியின் மாவுச்சத்துத் துகள் மிக நுண்ணியது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் நூற்றுக்கு மேற்பட்ட துகள்களை வரிசையாக நிறுத்தலாம். ரகத்தைப் பொறுத்து சுமார் 60 முதல் 80 டிகிரி செல்சியஸுக்குள் இந்தத் துகள்கள் நீரை உறிஞ்சி ஊதி, உள்ளிருக்கும் ஒழுங்கு குலைந்து, அமைலோஸை வெளியே விடுகின்றன. இதைக் கூழாதல் எனலாம். வெந்த இட்லியின் உள்ளே ஊதிய துகள்களும், அவற்றைச் சூழ்ந்து நீரில் மிதக்கும் அமைலோஸ் சங்கிலிகளும் இருக்கின்றன. நடுவில் வேகாத மாவு இருந்தால் அந்தப் பகுதியில் அமைலோஸ் வெளிவந்திருக்காது; பிழிந்ததும் அங்கே பொடிந்து விழும். குச்சியால் குத்திப் பார்த்து, ஒட்டாமல் வந்த பிறகே எடுக்கச் சொல்வது இதனால்தான்.

சந்தகையின் நல்லதும் கெட்டதும் அச்சில் முடிவாகிறது. அடுப்பிலிருந்து இறக்கிய இட்லிகளை ஒருவர் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணெய் தடவிய குழலில் போடுகிறார். இன்னொருவர் நீளமான நெம்புகோல் மரத்தை உடல் எடையோடு அழுத்துகிறார், அல்லது முக்காலி அச்சின் திருகைச் சுற்றுகிறார். இரண்டும் மனித வலிமையைப் பல மடங்காக்கும் எந்திரங்கள். குழலின் வாய் குறுகலாக இருப்பதும் வேண்டுமென்றே செய்ததுதான். அதே விசை சிறிய பரப்பில் விழும்போது அழுத்தம் கூடுகிறது. துளை எவ்வளவு சிறியதோ அவ்வளவு கூடுதல் அழுத்தம் வேண்டும். விட்டத்தைப் பாதியாக்கினால் குறைந்தது இரண்டு மடங்காவது தேவைப்படும். நூல்போல் மெல்லிய சந்தகைக்கு வீட்டில் வலுவான ஆளைக் கூப்பிடுவது நியாயமே.

வெந்த மாவுக்கு விசித்திரமான ஒரு குணம் உண்டு. சும்மா இருக்கும்போது கெட்டியாக நிற்கும். துளைக்குள் நெருக்கித் தள்ளினால் இளகி ஓடும். வெளியே வந்ததும் மறுபடி கெட்டியாகும். துளை வழியே ஓடும்போது நீண்ட சங்கிலிகள் ஓட்டத்தின் திசையில் நீட்டி நிற்கின்றன. சூடு இருக்கும்வரை அவை ஒன்றையொன்று இறுகப் பற்றுவதில்லை. சூடு குறையக் குறைய, பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகள் நெருங்கி, ஹைட்ரஜன் பிணைப்புகளால் பூட்டிக்கொள்கின்றன. அறிவியலில் இதை ரெட்ரோகிரடேஷன் என்கிறார்கள். இந்தப் பூட்டு விழும் நேரத்தில் மாவு இழையாக இருந்தால் அந்த வடிவமே நிலைக்கும். இட்லியாக இருந்தால் இட்லியாகவே நிலைக்கும். பிழிந்தவுடன் ஓர் இழையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரளவு ஒளி ஊடுருவும். ஆற ஆற வெண்மை கூடும். சங்கிலிகள் திரண்டு கட்டிக்கொள்வதைத்தான் அந்த வெண்மையில் பார்க்கிறோம்.

ஆறிய இட்லியை மறுபடி ஆவியில் வைத்துப் பிழியலாமே என்று தோன்றும். பயன் குறைவு. அமைலோபெக்டின் போட்ட பூட்டு அறுபது டிகிரியை ஒட்டியே திறந்துவிடும். அமைலோஸ் போட்ட பூட்டு திறக்க நூறு டிகிரிக்கு மேலே நன்றாகப் போக வேண்டும். திறந்த ஆவி அந்தச் சூட்டை எட்டாது. அதனால்தான் சிறு சிறு ஈடாக வேகவைத்து, ஒன்றைப் பிழியும்போது அடுத்ததை அடுப்பில் வைக்கும் முறை வந்தது. இந்தத் திட்டமிடலை நான் மிகவும் மதிக்கிறேன். நம் பாட்டிமார்கள் வெப்பமானியில்லாமல் இதைக் கணக்கிட்டு நடத்தியிருக்கிறார்கள்.

மிஞ்சியதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் விறைக்கும். அமைலோபெக்டின் படிகமாவதற்கு அந்தக் குளிர் மிகத் தோதானது. ஆனால் இது திறக்கக்கூடிய பூட்டு. இரண்டு நிமிடம் ஆவி காட்டினால் மென்மை திரும்பிவிடும். எலுமிச்சை, தக்காளி, புளி என்று தாளித்துக் கிளறும் சந்தகைக்கு நன்றாக ஆறிய இழையே சிறந்தது. சூடான இழை கரண்டி பட்டால் குழையும்.

மேட்டாங்காடுகளில் ராகியும் கம்பும் சோளமும் விளைந்த ஊர்களில் அரிசிச் சந்தகை என்பதே நோம்பிச் சோறாக இருந்தது. ராகிச் சந்தகையும் உண்டு, ஆனால் அது எளிதில் ஒடியும். ராகியின் தோலையும் சேர்த்தே அரைப்பதால் நார்த்துகள்கள் அமைலோஸ் வலையின் இடையில் புகுந்து அதைத் தொடர்ச்சியற்றதாக்குகின்றன. பாதிக்குப் பாதி புழுங்கலரிசி சேர்த்து அரைத்தால் வலை மீண்டும் பிடித்துக்கொள்ளும். சத்தும் போகாது, இழையும் நிற்கும்.

தேங்காய்ப் பாலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது நீரில் நுண்துளிகளாக மிதக்கும் கொழுப்பு. அந்தத் துளிகளை ஒன்றுசேராமல் காப்பது தேங்காயின் புரதம். சுமார் 80 டிகிரிக்கு மேல் அந்தப் புரதம் உருக்குலைய, பால் திரிந்து எண்ணெய் பிரியும். ஆகவே வெல்லத்தைத் தனியாகக் கரைத்து வடிகட்டி, சூடு தணிந்த பிறகு பாலில் சேர்க்க வேண்டும். ஏலக்காய் தட்டிப் போட்டு, தட்டில் சந்தகையை வைத்த பிறகே ஊற்றுங்கள். முன்கூட்டியே ஊற்றினால் இழைகள் பாலைக் குடித்து ஊதிவிடும். எள்ளுப் பொடி தூவிக்கொள்பவர்கள் அதைக் கடைசியில் தூவினால் மொறுமொறுப்பும் கெடாது.