முன் கண்ணாடியில் கை வைக்கமுதல்

யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடித்திரிகிற ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் கார்களின் முன் கண்ணாடியை றப்பர்தான் பிடித்திருக்கும். றப்பரின் விளிம்பை நெம்பிவிட்டு உள்ளிருந்து மெல்லத் தள்ளினால் கண்ணாடி வந்துவிடும். அந்தக் கார்களோடு வளர்ந்தவர்கள் அதே நினைப்பில் அக்குவா, வகன் ஆர் போன்ற புதுக் கார்களிலும் கை வைக்கிறார்கள். "அண்ணை, சுத்திவர இருக்கிற றப்பரை இழுத்தா வந்திடும்தானே?" என்று கேட்பார்கள். வராது. இந்தப் புதுக் கார்களில் வெளியே தெரியும் றப்பர் இடைவெளியை மறைப்பதற்குத்தான். கண்ணாடியைப் பிடித்திருப்பது உள்ளே இருக்கும் கறுப்பு யூரித்தேன் பசை.

அந்தப் பசை கண்ணாடியை வாகன உடம்போடு ஒன்றாக்கி விடுகிறது. கார் உருண்டால் கூரை நசுங்காமல் தாங்குவதில் அதற்கும் பங்கு உண்டு. இடப்பக்கம் இருப்பவருக்கான எயார்பாக் பல கார்களில் டாஷ்போட்டிலிருந்து மேல்நோக்கி வெடித்து, முன் கண்ணாடியில் முட்டித்தான் ஆளின் பக்கம் திரும்பும். கண்ணாடி கழன்று போனால் எயார்பாக்கும் வெளியே போய்விடும். அந்த இருக்கையில் பெரும்பாலும் யார் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

வெட்டியெடுக்கும் முறை இதுதான். பசையில் ஊசியால் துளையிட்டு, முறுக்குக் கம்பியை நுழைத்து, இரு முனையிலும் கைபிடி கட்டி, ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயும் நின்று வாள் இழுப்பதுபோல் மாறிமாறி இழுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் கம்பி சூடேறி அறுந்து முகத்தில் அடிக்கும். கண்ணாடித் தூளும் பறக்கும். கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் இல்லாமல் தொடவே கூடாது. பக்கத் தூண் மூடிக்குள் எயார்பாக்கும் வயர்களும் இருக்கலாம் என்பதால் நீளக் கத்தியை உள்ளே விடவும் கூடாது.

வெடித்து எப்படியும் எறியப்போகிற கண்ணாடி என்றால் பழக்கப்பட்ட இருவர் இதைச் செய்யலாம். திரும்பப் பூட்ட வேண்டிய கண்ணாடியை வீட்டில் கழற்ற வேண்டாம் என்றே சொல்வேன். ஓரத்தில் சின்னச் சிதறல் விழுந்தாலே போதும், பிறகு அதிலிருந்து வெடிப்பு ஓடும்.

நான் அதிகம் கவலைப்படுவது கண்ணாடி இருந்த தகர விளிம்பைப் பற்றித்தான். கத்தி பட்டு பெயின்ற் உரிந்த கீறல் நூல் அளவுதான் இருக்கும். அதை அப்படியே விட்டுப் பசை பூசினால் உள்ளே கறள் பிடிக்கும். குருநகர், நாவாந்துறைப் பக்கத்து உப்புக்காற்றுக்கு இது விரைவாகவே நடக்கும். பசை தகரத்தில் பிடிக்காமல் கறளில் பிடித்து நிற்கும். மேலே பார்க்க எல்லாம் வடிவாகத்தான் இருக்கும். கீறலுக்கு உரிய பிறைமர் என்ற அடிப்பூச்சைப் பூசிக் காயவிட வேண்டும். பழைய பசையை முழுதாகச் சுரண்டத் தேவையில்லை. 1 முதல் 2 மில்லிமீற்றர் வரை மட்டமாக விட்டால் புதுப் பசை அதில் நன்றாகப் பிடிக்கும். சோளகக் காற்று புழுதி கிளப்புகிற நாளில் முற்றத்தில் வைத்து இந்த வேலை வேண்டாம். ஒட்டும் இடத்தில் வெறும் விரலும் படக்கூடாது.

தண்ணீர் ஒழுகுகிறது என்று சிலிக்கன் அடித்துக்கொண்டு வரும் கார்களைப் பார்த்தால் மனம் நோகிறது. அது கண்ணாடியைத் தாங்காது. அது பட்ட இடத்தில் பிறகு யூரித்தேனும் ஒட்டாது.

கராச்சில் கொடுத்தாலும் பக்கத்தில் நின்று பாருங்கள். பசை ரியூப்பின் காலாவதித் திகதியைக் கேளுங்கள். எத்தனை மணித்தியாலத்துக்குப் பிறகு ஓடலாம் என்பது பசைக்குப் பசை மாறும். அது ரியூப்பிலோ அதனுடன் வரும் தாளிலோ இருக்கும். உள்ளே பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் கமரா உள்ள கார் என்றால், அதைத் திரும்பச் சரிபார்த்துத் தருவார்களா என்று முதலே பேசிக்கொள்ளுங்கள். முன் கண்ணாடி பூட்டிய அன்றைக்குக் கதவுக் கண்ணாடி ஒன்றைக் கொஞ்சம் இறக்கி விடுங்கள். எல்லாம் மூடியிருக்கக் கதவை அடித்துச் சாத்தினால் உள்ளே அமுங்கும் காற்று, காயாத பசையை வெளியே தள்ளும். கண்ணாடி அசையாமல் இருக்க ஒட்டிய ரேப்பை மறுநாள் வரை கழற்ற வேண்டாம், சேர்விஸ் ஸ்ரேசனில் பிரஷர் தண்ணீரும் அடிக்க வேண்டாம்.