3டி படத்தில் ஒன்றுமே வரவில்லை என்று குழந்தை சொன்னால்

ஒன்பது வயதுப் பையன். விடுமுறையில் குடும்பத்தோடு 3டி படத்துக்குப் போயிருக்கிறான். பக்கத்து இருக்கையில் தங்கை கையை நீட்டி நீட்டி எதையோ பிடிக்கப் பார்த்திருக்கிறாள். இவன், "ஒண்ணுமே வரலையே, இவ ஏன் கையை ஆட்டுறா?" என்று கேட்டிருக்கிறான். அம்மாவுக்கு அது உறுத்தியிருக்கிறது. அப்பாவுக்கு இல்லை. "3டியே ஒரு ஏமாத்து வேலைதானே டாக்டர், இதுக்கெல்லாமா ஆஸ்பத்திரிக்கு வருவாங்க?" என்றார்.

என் மேசை இழுப்பறையில் பழைய அட்டைப் புத்தகம் ஒன்று உண்டு. திறந்தால் பெரிய ஈயின் படம். திரையரங்கில் தருவது மாதிரியே ஒரு போலராய்டு கண்ணாடியைக் குழந்தைக்கு மாட்டிவிட்டு, "ஈயோட சிறகைக் கிள்ளு" என்போம். இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்தால் விரல்கள் தாளுக்கு மேலே, வெறும் காற்றைக் கிள்ளும். சில குழந்தைகள் அருவருத்துக் கையை இழுத்துக்கொள்வதும் உண்டு. இவன் தாளின் மேலேயே விரலைத் தேய்த்தான்.

இடக்கண்ணில் பிளஸ் 4 பவர் இருந்தது. வலக்கண்ணில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இடக்கண் அனுப்பிய மங்கலான படத்தை மூளை சின்ன வயதிலேயே ஓரங்கட்டிவிட்டது. சோம்பல் கண் என்று சொல்வோமே, அதுதான். மாறுகண் இருந்தாலாவது பெரும்பாலும் பார்த்ததும் தெரியும். இது வெளியே தெரியாது. நல்ல கண்ணை மூடிப் பார்க்காதவரை அந்தக் குழந்தைக்கே தெரியாது.

3டி ஏமாற்று வேலையா, கலையா என்ற கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். பெரும்பாலும் தலைவலியோடு சேர்ந்து வரும். ஏமாற்று வேலை என்றால் அது சினிமாவைவிடப் பழைய ஏமாற்று வேலை. நம் இரண்டு கண்களுக்கும் இடையே சுமார் 6.3 செ.மீ. இடைவெளி இருப்பதால் ஒவ்வொரு கண்ணுக்கும் சற்றே வேறான காட்சி கிடைக்கிறது. அந்த வேறுபாட்டிலிருந்துதான் மூளை ஆழத்தைக் கணக்கிடுகிறது என்பதை, தட்டையான இரண்டு கோட்டுப் படங்களையும் இரண்டு நிலைக்கண்ணாடிகளையும் வைத்து 1838லேயே சார்லஸ் வீட்ஸ்டோன் செய்து காட்டிவிட்டார். திரையரங்கும் அதையேதான் செய்கிறது. ஒரே திரையில் இரண்டு படம், எந்தப் படம் எந்தக் கண்ணுக்கு என்று பிரித்துவிட ஒரு கண்ணாடி. மிச்ச வேலை முழுக்க உங்கள் மூளையுடையது.

சரி, தலைவலி எங்கிருந்து வருகிறது? ஒரு பொருள் நம்மை நெருங்கும்போது கண்கள் இரண்டும் உள்நோக்கித் திரும்பும். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸும் அதே தூரத்துக்குத் தன் குவியத்தை மாற்றிக்கொள்ளும். இரண்டும் ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள் மாதிரி, பிறந்ததிலிருந்து சேர்ந்தே நடந்து பழகியவை. 3டி படத்தில் ஒரு பறவை உங்கள் மூக்குக்கு நேரே வருகிறது. கண்கள் பறவையை நோக்கித் திரும்ப வேண்டும், குவியம் மட்டும் தூரத்தில் இருக்கும் திரையிலேயே நிற்க வேண்டும். ஒரு மாடு இப்படி இழுக்கிறது, இன்னொன்று அப்படி. இந்த முரண் ஒன்றே கண்ணைக் களைப்பாக்கப் போதும் என்று பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் சோதனை செய்து காட்டினார்கள். திரை தொலைவில் இருக்கும்வரை, பறவையும் திரையை ஒட்டியே பறக்கும்வரை, முரண் சிறியதுதான். முகத்தில் வந்து மோதும் காட்சிகளில்தான் அது எகிறும்.

கண்களை உள்நோக்கித் திருப்புவதில் இயல்பாகவே பலவீனம் உள்ளவர்கள், வெளியே தெரியாத மாறுகண்ணைச் சமாளித்துக்கொண்டிருப்பவர்கள் எல்லாம் இதில் முதலில் சோர்ந்துபோவார்கள். அவர்களுக்குப் படம் நோயைத் தரவில்லை, ஏற்கெனவே இருந்ததைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். ஆனால் எல்லாப் பழியையும் கண்மேல் போடவும் எனக்கு மனமில்லை. ஒரு கண்ணுக்கான படம் மற்றதைவிட ஒரு நூல் மேலே இருந்தாலே தலை கனக்கும். தூரத்து மலைக்கான இரண்டு படங்கள் திரையில் நம் கண்களின் இடைவெளியைவிட அதிகமாக விலகினால், கண்கள் வெளிநோக்கித் திரும்ப வேண்டிவரும். அந்தப் பழக்கம் கண்ணுக்கே கிடையாது. 1950களில் இரண்டு புரொஜெக்டர்களை ஒரே சீராக ஓட்டினார்கள். ஒன்று கொஞ்சம் பின்தங்கினாலும் ஜனங்கள் நெற்றியைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வந்தார்கள். 1952இல் தொடங்கிய அந்த அலை இரண்டு மூன்று வருடத்தில் ஓய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த அலையில் பேர் வாங்கிய படம், 1953இல் வந்த 'ஹவுஸ் ஆஃப் வாக்ஸ்'. அதன் இயக்குநர் ஆந்த்ரே டி டாத்துக்கு ஒரு கண்தான். தான் எடுத்த 3டியை அவரால் பார்க்க முடியாது! படத்தில் ஒருவர் மட்டையில் கட்டிய பந்தைப் பார்வையாளர்களின் முகத்துக்கு நேரே அடித்துக்கொண்டே இருப்பார். அது சுத்தமான வித்தை. மற்றபடி படம் இன்றைக்கும் மதிக்கப்படுகிறது. கண் மருத்துவராக எனக்கு இதில் வியப்பில்லை. ஒரு கண்ணோடு வாழ்பவர்களும் வண்டி ஓட்டுகிறார்கள், தண்ணீர் ஊற்றுகிறார்கள். எது எதை மறைக்கிறது, எது சிறிதாகத் தெரிகிறது, நிழல் எங்கே விழுகிறது, தலையை அசைத்தால் எது வேகமாக நகர்கிறது என்பதையெல்லாம் வைத்து மூளை ஆழத்தைக் கண்டுபிடித்துவிடும். ஒளிப்பதிவாளர்கள் நூறு வருடமாக இதைத்தானே செய்கிறார்கள்? சாதாரணப் படம் தட்டையானது என்ற விளம்பரப் பேச்சை நான் ஒப்புக்கொள்வதில்லை.

அப்படியானால் 3டி எதற்கு? என் அளவுகோல் இதுதான்: அந்த ஆழத்தை எடுத்துவிட்டால் ஏதாவது குறைகிறதா? வெர்னர் ஹெர்சாக் 2010இல் பிரான்ஸின் ஷோவே குகையை 3டியில் படமெடுத்தார். அங்குள்ள ஓவியங்களில் பழையவை முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவை. வரைந்தவர்கள் பாறையின் மேடு பள்ளத்தையே விலங்குகளின் உடம்பாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். தட்டையான புகைப்படத்தில் அந்த வேலைப்பாடு தெரியாது. இங்கே 3டி அலங்காரமாக வரவில்லை, விஷயமே அதுதான். விம் வெண்டர்ஸின் நடனப் படமான 'பினா'வும் அப்படித்தான். ஆடுபவருக்கும் ஆடுபவருக்கும் நடுவே உள்ள வெளியும் சேர்ந்துதான் அந்த நடனம்.

இயக்குநர் ழான்-லுக் கோதார் இன்னும் ஒரு படி மேலே போனார். 2014இல் வந்த தன் 3டி படத்தில், ஒரு காட்சியில் இரண்டு கேமராக்களில் ஒன்று நகரும் பாத்திரத்தின் பின்னாலேயே திரும்பிவிடும், மற்றது அங்கேயே நிற்கும். வலக்கண்ணுக்கு ஒரு காட்சி, இடக்கண்ணுக்கு வேறொன்று. எதைப் பார்ப்பது என்று நீங்களே ஒரு கண்ணை மூடி முடிவு செய்துகொள்ளலாம். நாங்கள் செய்யவே கூடாது என்று சொல்லும் காரியம்! எனக்கும் கண் வலித்தது. ஆனாலும் வேறெந்த விதத்திலும் எடுக்க முடியாத காட்சி அது.

புரூஸ் பிரிட்ஜ்மேன் என்ற நரம்பியல் அறிஞருக்கு வாழ்நாள் முழுக்க ஆழ உணர்வு மிகக் குறைவு. 2012இல், 67 வயதில், 'ஹியூகோ' படத்தை 3டியில் பார்த்தார். படத்திலும் ஆழம் தெரிந்தது, வெளியே வந்த பிறகு தெருவிலும் தெரிந்தது. இதைச் சொன்னால் சில பெற்றோர், "அப்போ படமே காட்டிடலாமா?" என்பார்கள். வேண்டாம். அது அபூர்வம். சோம்பல் கண்ணுக்கு முதலில் சரியான கண்ணாடி, அப்புறம் தேவைப்பட்டால் நல்ல கண்ணை மூடிவைக்கத் தினம் சில மணி நேரம் பேட்ச். எவ்வளவு சின்ன வயதில் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

3டி பார்த்துக் கண் கெட்டுப்போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் பிரான்ஸின் சுகாதாரப் பாதுகாப்பு முகமை 2014இல் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வேண்டாம் என்று பரிந்துரைத்தது. நானும் அவசரப்பட வேண்டாம் என்றே சொல்வேன். அந்த வயதில் கண்ணாடி மூக்கிலேயே நிற்காது, பத்தாவது நிமிடம் கழற்றிவிடுவார்கள். பெரியவர்கள் தங்கள் பவர் கண்ணாடியைக் கழற்றாமல் அதன்மேல் 3டி கண்ணாடியைப் போட வேண்டும், நடுவரிசைக்குப் பின்னால் உட்கார வேண்டும். படம் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, எல்லோரும் ஆவென்று கத்தும்போது உங்களுக்கு மட்டும் எதுவும் எழும்பி வராவிட்டாலோ, ஒவ்வொரு கண்ணாக மூடித் திறந்து பாருங்கள். ஒரு கண்ணில் மங்கலாக இருந்தால் ஒரு பரிசோதனைக்குப் போய்விடுங்கள். இரண்டிலும் தெளிவாகத் தெரிந்தும் ஆழம் வரவில்லை என்றாலும்தான்.

அந்தப் பையன் கண்ணாடியும் பேட்சுமாக எட்டு மாதம் ஓட்டினான். ஈயின் சிறகைக் காற்றில் கிள்ளினான். அடுத்த பக்கத்துச் சின்ன வட்டங்கள் இன்னும் பிடிபடவில்லை. முழுதாக வருமா என்று உறுதி சொல்ல முடியாது. போன மாதம் இன்னொரு 3டி படத்துக்குப் போய்விட்டு வந்தான். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"வந்துச்சு டாக்டர். ஆனா பெருசா ஒண்ணும் இல்ல. தங்கச்சிதான் ரொம்ப ஓவரா ஆடுறா."